தொண்டை வைத்தியர் செவாலியர் ஜாக்சன்



நாம் பெரும்பாலும் நம் மார்க்கப் பெரியவர்களின் வாழ்க்கையைத்தான் படித்தும் கேட்டும் வருகிறோம். அது நமக்கு நன்மை தருவது. இம்முறை நான் எழுத எடுத்துக்கொண்டவர் அமெரிக்க தேசத்து வைத்தியர் ஒருவர். அவர் நம் மார்க்கத்தவர் அல்லர். ஆனாலும் கடை வைத்துப் பிழைக்கும் ஒவ்வொருவரும் அவருடைய சரித்திரத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் எண்ணம். ஏனென்றால், தொண்டையையும் குரலையும் குணப்படுத்துவதிலேயே ஆயுளைச் செலவிட்ட அவர், நோயாளியின் படுக்கையோடு நின்றுவிடாமல், நோய் எங்கிருந்து வருகிறது என்று தேடிப் போனார். தேடிப் போன அவர் கடைசியில் வந்து நின்ற இடம் ஒரு மளிகைக் கடையின் அலமாரி.

அவர் பெயர் டாக்டர் செவாலியர் ஜாக்சன். செவாலியர் என்பது பிரெஞ்சு மொழியில் வீரப் பெருமகன் என்று பொருள்படும் சொல். அது அவருக்கு யாரும் கொடுத்த பட்டம் அல்ல. பெற்றோர் வைத்த பெயரே அதுதான்.

பிறப்பும் பாலியமும்

ஜாக்சன் 1865-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 4-ஆம் தேதி அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் உள்ள பிட்ஸ்பர்க் நகரில் பிறந்தார். நிலக்கரிச் சுரங்கங்களும் இரும்பு ஆலைகளும் நிறைந்த ஊர் அது. தகப்பனார் கால்நடை வளர்ப்பவர். வீட்டில் வசதி குறைவு. மூன்று ஆண் மக்களில் ஜாக்சனே மூத்தவர்.

மெலிந்த உடலும் கூச்ச சுபாவமும் உடைய பிள்ளையாக அவர் இருந்தார். பள்ளிக்கூடத்தில் முரட்டுப் பிள்ளைகள் அவரை அடித்தும் அலைக்கழித்தும் வந்தார்கள். ஒரு சமயம் கண்ணைக் கட்டி, கைவிடப்பட்ட நிலக்கரிக் குழி ஒன்றில் அவரைத் தள்ளிவிட்டுப் போய்விட்டார்கள். சுரங்கத் தொழிலாளி ஒருவர் கண்டெடுத்துக் காப்பாற்றியிராவிட்டால் இந்தச் சரித்திரமே இல்லை. பலமில்லாத ஓர் உயிர் பிறர் கையில் படும் துன்பம் எத்தகையது என்பதை அந்த வயதிலேயே அவர் அறிந்துகொண்டார். பிற்காலத்தில் சிறு பிள்ளைகள் மீது அவர் வைத்த இரக்கத்துக்கு இது ஒரு காரணமாக இருந்திருக்கும் என்று எண்ணத் தோன்றுகிறது.

விளையாட்டுக்குப் போகாத பிள்ளைக்குக் கைவேலையே விளையாட்டாயிற்று. மரத்தைச் செதுக்குவது, ஆயுதங்களைச் செப்பனிடுவது, படம் வரைவது ஆகியவற்றில் அவருடைய கை நன்றாகப் பழகியது. கண்ணாடியிலும் பீங்கானிலும் சித்திரம் எழுதிச் சம்பாதித்தே அவர் தமது படிப்புச் செலவைத் தேடிக்கொண்டார். பிலடெல்பியா நகரத்து ஜெபர்சன் வைத்தியக் கல்லூரியில் படித்து 1886-ல் டாக்டர் பட்டம் பெற்றார்.

லண்டனில் கற்ற பாடம்

அக்காலத்தில் தொண்டை வைத்தியத்தில் பெரும் பெயர் பெற்றிருந்தவர் லண்டன் நகரத்து மோரல் மெக்கென்ஸி. தொண்டை நோய்க்கென்றே 1863-ல் அங்கே ஓர் ஆஸ்பத்திரியை ஏற்படுத்தியவர். பட்டம் பெற்ற கையோடு ஜாக்சன் கடல் கடந்து போய் அவரிடம் பாடம் கேட்டார்.

தொண்டைக்குள் பார்க்கும் வித்தை அப்போது ஒரு சிறு கண்ணாடியை நம்பியே இருந்தது. இதைக் கண்டவர் வைத்தியர்கூட அல்ல. மானுவேல் கார்சியா என்னும் சங்கீத ஆசிரியர் 1854-ல், பல் வைத்தியர் உபயோகிக்கும் சிறு கண்ணாடியைத் தம் தொண்டையில் வைத்து, வெயிலை அதில் விழச் செய்து, தம் குரல் நாண்கள் அசைவதைத் தாமே பார்த்தார். அதன் பிறகு வைத்தியர்கள் அந்த வழியைப் பிடித்துக்கொண்டார்கள். ஆனால் கண்ணாடி காட்டுவது குரல்வளை வரையில்தான். அதற்குக் கீழே உணவுக்குழலிலோ மூச்சுக்குழலிலோ ஏதாவது சிக்கிக்கொண்டால் பார்க்க வழியில்லை. உணவுக்குழலுக்குள் பார்ப்பதற்கு மெக்கென்ஸி செய்து வைத்திருந்த கருவி ஒன்றை ஜாக்சன் அங்கே கண்டார். அது சரியாக உதவவில்லை. ஆனாலும் அந்த எண்ணம் அவர் மனத்தில் பதிந்துவிட்டது.

தொண்டையில் சிக்கியதை எடுக்கும் முயற்சி நெடுங்காலமாக நடந்து வருவது. நம் முன்னோர்களில் பெரும் வைத்தியரான அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு ஸ்பெயின் தேசத்துக் குர்துபா நகரில் இருந்துகொண்டு எழுதிய பெருநூலில், தொண்டையில் மாட்டிய மீன் முள்ளையும், தண்ணீரோடு போய் ஒட்டிக்கொண்ட அட்டையையும் எடுக்கும் விதத்தை விவரித்திருக்கிறார். அவருக்கும் கண்ணுக்குத் தெரிந்த மட்டும்தான் கை போயிற்று. ஜாக்சன் காலத்திலும் நிலைமை பெரிதும் மாறவில்லை.

தாமே ஒதுக்கி வைத்த கருவி

1887-ல் பிட்ஸ்பர்க் திரும்பி, தொண்டை வைத்தியராகத் தொழில் ஆரம்பித்தார். வந்தவர்கள் பெரும்பாலும் ஏழைகள். சுரங்கத் தொழிலாளியின் பிள்ளைகள், ஆலைக் கூலிகள். பணம் கேட்பதற்கு அவருக்கு வாய் வராது.

1890-ல் உணவுக்குழலுக்குள் செலுத்தும் குழாய்க் கருவி ஒன்றைத் தாமே செய்தார். அதைக்கொண்டு பெரியவர் ஒருவர் விழுங்கிவிட்ட பல்செட்டையும், ஒரு பிள்ளை விழுங்கிய காசையும் எடுத்துவிட்டார். வயிற்றைக் கீறாமல், மார்பைப் பிளக்காமல், வாய் வழியாகவே எடுத்தது பெரிய அதிசயமாகப் பேசப்பட்டது. மற்ற வைத்தியர்களும் அதே கருவியைச் செய்வித்து வாங்கிக்கொண்டார்கள்.

இங்கேதான் சோதனை வந்தது. பழக்கமில்லாத கைகளில் அந்தக் கருவி உணவுக்குழலைக் கிழித்துவிட்டது. உயிர்கள் போயின. கருவியில் குற்றமில்லை, கையாளத் தெரியாதவர் மீதே குற்றம் என்று ஜாக்சன் விலகியிருக்கலாம். பெயரும் பணமும் வரும் நேரம் அது. அவரோ, தாம் வெளியே விட்ட பொருள் பிறர் கையில் செய்யும் தீங்குக்குத் தாமும் பொறுப்பாளி என்று எண்ணினார். அதைப் பிறருக்குச் சிபாரிசு செய்வதை நிறுத்திக்கொண்டார். இன்னும் நல்ல கருவி வேண்டும், அதைவிட முக்கியமாக, கருவியைக் கையாளக் கற்றுக்கொடுக்கும் முறை வேண்டும் என்று தீர்மானித்தார்.

வியாபாரிகளாகிய நாம் இந்த இடத்தில் சற்று நின்று யோசிக்க வேண்டும். விற்ற சரக்கு கடையை விட்டுப் போய்விட்டால் நம் கணக்கு முடிந்தது என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். அந்த மனிதர் அப்படி நினைக்கவில்லை. அவருடைய பிற்கால வேலைகள் எல்லாம் இந்த ஒரு குணத்திலிருந்து பிறந்தவை என்று சொல்லலாம்.

குழாயின் நுனியில் ஒரு விளக்கு

1897-ல் ஜெர்மனி தேசத்துப் பிரைபர்க் நகரில் குஸ்தாவ் கில்லியன் என்ற வைத்தியர், ஒரு குடியானவரின் மூச்சுக்குழலில் போய்ச் சிக்கியிருந்த எலும்புத் துண்டை, வாய் வழியாகக் குழாய் செலுத்தி எடுத்துவிட்டார். இந்தச் செய்தி ஜாக்சனுக்குப் புது உற்சாகம் கொடுத்தது. கில்லியனுடைய முறையில் வெளிச்சம் வெளியிலிருந்து குழாய்க்குள் பாய்ச்சப்பட்டது. ஜாக்சன் 1900-க்குப் பிந்திய சில ஆண்டுகளில், குழாயின் உள் நுனியிலேயே அரிசி மணி போன்ற மிகச் சிறிய மின்சார விளக்கைப் பொருத்தினார். இருட்டறைக்குள் வாசலில் நின்று விளக்குக் காட்டுவதற்கும், விளக்கை உள்ளே கொண்டுபோய் வைப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான் இது.

கருவிகளை அவரே வடிவமைத்தார். வீட்டில் பட்டறை வைத்துத் தாமே கடைந்தும் ராவியும் பார்த்தார். ஊசிக்கு ஒரு குறடு, பித்தானுக்கு ஒரு குறடு, காசுக்கு ஒரு குறடு என்று விதவிதமாகச் செய்தார். ஒரு பிள்ளை ஒரு பொருளை விழுங்கிவிட்டது என்று வந்தால், அதே மாதிரிப் பொருள் ஒன்றை வரவழைத்து, ரப்பர்க் குழாயில் போட்டு, எந்தப் பக்கம் பிடித்தால் கிழிக்காமல் வரும் என்று பல தடவை ஒத்திகை பார்த்த பிறகே நோயாளியிடம் கை வைப்பார்.

வாய் திறந்த சேப்டி பின் அவருக்குப் பெரிய எதிரி. கூர்முனை மேல் நோக்கி இருக்கும் பின்னை அப்படியே இழுத்தால் குழலைக் குத்திக் கிழித்துவிடும். ஆகவே, அதைக் கீழே இரைப்பைக்குள் தள்ளி, அங்கே இடமிருப்பதால் திருப்பி, கூர்முனை பின்னால் வரும்படி வெளியே கொண்டுவரும் யுக்தியைக் கண்டார். முன்னுக்கு இழுக்க வேண்டிய பொருளை முதலில் பின்னுக்குத் தள்ளும் பொறுமை எல்லாருக்கும் வருவதல்ல.

தம் முறைகளை 1907-ல் ஒரு பெரிய புத்தகமாக எழுதி வெளியிட்டார். அதைக் கில்லியனுக்கே காணிக்கையாக்கினார். பிறர் செய்ததைத் தாம் செய்ததாகச் சொல்லிக்கொள்ளும் குணம் அவரிடம் இல்லை.

இரண்டாயிரம் பொருள்களின் பாடம்

நோயாளிகளின் மூச்சுக்குழல், உணவுக்குழல்களிலிருந்து எடுத்த பொருள்களை அவர் எறிந்துவிடவில்லை. ஒவ்வொன்றையும் சுத்தம் செய்து, நோயாளியின் வயது, பொருள் சிக்கிய இடம், எடுத்த விதம் எல்லாவற்றையும் குறித்துச் சேர்த்து வைத்தார். பித்தான், குண்டூசி, காசு, எலும்பு, திருகாணி, கொட்டை, சிறு பொம்மை என்று அந்தச் சேகரம் 2,374 பொருள்களாகப் பெருகியது. பிலடெல்பியாவில் உள்ள மூட்டர் மியூசியத்தில் இழுப்பறை இழுப்பறையாக அவை இன்றும் வைக்கப்பட்டிருக்கின்றன.

வேடிக்கைக்காக அவர் சேர்க்கவில்லை. நாம் கடையில் வரவு செலவு எழுதி, எந்தச் சரக்கில் நட்டம் வருகிறது என்று பார்ப்பது போல, எந்தப் பொருளால் எந்த வயதுப் பிள்ளைக்கு ஆபத்து வருகிறது என்று கணக்குப் பார்த்தார். அந்தக் கணக்கு அவருக்குப் பல உண்மைகளைச் சொல்லிற்று. தைக்கும்போது குண்டூசியை வாயில் கவ்விக்கொள்ளும் பழக்கம் ஆபத்து. பித்தானும் பின்னும் தவழும் பிள்ளையின் கைக்கு எட்டுவது ஆபத்து. எல்லாவற்றிலும் கொடியது கச்சான், அதாவது நிலக்கடலை. கடைவாய்ப் பல் முளைக்காத பிள்ளையால் அதை மெல்ல முடியாது. இருமும்போது அது மூச்சுக்குழலுக்குள் இறங்கிவிடும். இரும்பு ஆணி பல நாள் சும்மா கிடந்தாலும் கிடக்கும். கடலையோ, எண்ணெய்ப் பொருள் ஆகையால், மூச்சுக்குழலை வீங்கச் செய்து கடும் காய்ச்சலும் சளியும் உண்டாக்கும். இதைத் தனி நோயாகவே பிரித்து 1919-ல் அவரும் அவர் கூட்டாளியும் எழுதினார்கள். அதுவரை பல பிள்ளைகளுக்குச் சளிக் காய்ச்சல் என்று மருந்து கொடுத்துக் காத்திருந்தது எவ்வளவு பெரிய தவறு என்று வைத்திய உலகம் உணர்ந்தது.

நோயும் உயர்வும்

1911-ல் ஜாக்சனைக் காசநோய் பற்றிக்கொண்டது. அக்காலத்தில் அதற்கு மருந்து கிடையாது. ஓய்வும் நல்ல காற்றும்தான். வாழ்நாளில் மூன்று தடவை அந்த நோய் அவரைப் படுக்கையில் கிடத்தியது. படுத்துக்கொண்டே அவர் எழுதினார். இறைவன் ஒருவருக்கு ஓய்வைக் கொடுப்பதும் ஒரு வேலைக்காகத்தான் போலும்.

1916-ல் பிலடெல்பியாவின் ஜெபர்சன் கல்லூரி அவரைத் தொண்டை வைத்தியப் பேராசிரியராக அழைத்தது. ஒரு காலத்தில் அந்நகரத்தின் ஐந்து வைத்தியக் கல்லூரிகளில் ஆசிரியப் பதவி வகித்தார். 1930-ல் டெம்பிள் சர்வகலாசாலைக்குச் சென்றார். 1935 முதல் 1941 வரை பெண்கள் வைத்தியக் கல்லூரியின் தலைவராகவும் இருந்தார். பாடம் சொல்லும்போது இரண்டு கைகளாலும் வண்ணச் சுண்ணாம்புக் கட்டி பிடித்துக் கரும்பலகையில் படம் வரைந்து காட்டுவாராம். கண்ணாடியில் சித்திரம் எழுதிச் சம்பாதித்த கை அல்லவா! பல தேசங்களிலிருந்தும் வைத்தியர்கள் அவரிடம் பயில வந்தார்கள். 1890-ல் கருவி மட்டும் பரவிக் கேடு விளைந்தது. இப்போது கருவியோடு பயிற்சியும் பரவிற்று.

குரலைக் காத்தவர்

மூச்சு அடைபட்டவருக்குக் கழுத்தின் முன்புறம் துளையிட்டு மூச்சுவிடச் செய்யும் சிகிச்சை பழமையானது. ஸ்பெயினில் வாழ்ந்து 1162-ல் காலமான இப்னு ஸுஹ்ர், ஓர் ஆட்டின் கழுத்தில் இதைச் செய்து, புண் ஆறி ஆடு பிழைப்பதைப் பரிசோதித்துப் பார்த்திருக்கிறார். மனிதனுக்குச் செய்யுமுன் பிராணியிடம் சோதித்த அந்த நிதானம் நமக்குப் பெருமை தருவது.

ஜாக்சன் காலத்தில் இந்தச் சிகிச்சை பரவலாக நடந்துகொண்டிருந்தது. ஆனால் அவசரத்தில் பல வைத்தியர்கள் கழுத்தில் மிக மேலே, குரல்வளையை ஒட்டியே துளையிட்டுவிட்டார்கள். உயிர் தப்பிய நோயாளிக்குப் பிற்பாடு குரல்வளை சுருங்கி, மூச்சுவிடவும் பேசவும் முடியாமல் போயிற்று. தம்மிடம் அப்படி வந்தவர்களின் விவரங்களையெல்லாம் ஆராய்ந்து, மேலே துளையிடுவதே இந்தக் கேட்டுக்கு முக்கிய காரணம் என்று 1921-ல் ஜாக்சன் எழுதினார். சற்றுக் கீழே துளையிட வேண்டும் என்ற அவருடைய முறை நிலைபெற்றது. அவர் வடிவமைத்த உலோகக் குழாய் அவர் பெயராலேயே வழங்கிற்று. உயிரைக் காத்தால் போதாது, அந்த உயிர் வாய் திறந்து பேசவும் வேண்டும் என்று நினைத்தவர் அவர்.

குரலை ஓயாமல் உரக்கப் பயன்படுத்துவோருக்குக் குரல் நாண்களின் பின்புறம் ஒன்றோடொன்று மோதிப் புண் உண்டாவதை 1928-ல் அவர் விவரித்தார். அதற்கு அவர் சொன்ன முதல் மருந்து மௌனம். குரலுக்கு ஓய்வு கொடுக்காமல் வேறு மருந்து கொடுத்துப் பயனில்லை என்பது அவர் முடிவு. சந்தையில் நாளெல்லாம் கூவி விற்பவருக்கும், ஏலம் போடுபவருக்கும், பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கும் உஸ்தாதுமாருக்கும் இது தெரிந்திருக்க வேண்டிய விஷயம். குரல் கம்மியது இரண்டு மூன்று வாரமாகியும் தீராவிட்டால், கற்கண்டும் மிளகும் போதுமென்று இருந்துவிடாமல் தொண்டை வைத்தியரிடம் காட்டிவிட வேண்டும். தம் மகனும் தொண்டை வைத்தியருமான செவாலியர் லாரன்ஸ் ஜாக்சனோடு சேர்ந்து, குரல்வளையும் அதன் நோய்களும் பற்றிய பெரும் புத்தகத்தை 1937-ல் வெளியிட்டார்.

சீனி போல் இருந்த விஷம்

இப்போது மளிகைக் கடைக்கு வருவோம்.

அக்காலத்து அமெரிக்க வீடுகளில் சவுக்காரம் காய்ச்சவும், தரை கழுவவும், அடைபட்ட சாக்கடையைத் திறக்கவும் காரப் பொருளை வாங்கி வைப்பார்கள். நாம் காஸ்டிக் சோடா என்று விற்கிறோமே, அதுதான். மளிகைக் கடைகளில் சாமான்களோடு சாமானாக அது விற்கப்பட்டது. பார்வைக்கு வெள்ளை வெளேரென்று சீனி போல் இருக்கும். தண்ணீரில் கரைத்து வைத்தால் வெறும் தண்ணீர் போலவோ பால் கலந்தது போலவோ தோன்றும். விஷம் என்று எச்சரிக்க எந்தக் கட்டாயமும் கிடையாது.

தவழும் பிள்ளை அதை எடுத்து வாயில் வைத்துவிடும். வாயும் தொண்டையும் உணவுக்குழலும் வெந்துபோகும். உயிர் தப்பினாலும், புண் ஆறும்போது உணவுக்குழல் சுருங்கிச் சுருங்கி, ஊசி நுழையும் அளவு துவாரமே மிஞ்சும். பிறகு சோறு இறங்காது. கஞ்சி இறங்காது. முடிவில் தண்ணீரும் இறங்காது. இப்படிப் பட்டினியால் எலும்பும் தோலுமான பிள்ளைகள் ஜாக்சனிடம் வந்த வண்ணம் இருந்தார்கள். மெல்லிய கம்பி போன்ற குச்சிகளைச் செலுத்தி, நாளடைவில் சற்றுத் தடித்தவற்றைச் செலுத்தி, குழலைச் சிறிது சிறிதாக விரிப்பதே வழி. அதற்கு மாதங்களும் ஆகும், வருஷங்களும் ஆகும்.

அவர்களில் ஏழு வயதுள்ள ஏழைப் பெண் பிள்ளை ஒன்றைப் பற்றி ஜாக்சன் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அந்தப் பிள்ளைக்குப் பல நாளாகத் தண்ணீர்கூட உள்ளே போகவில்லை. குழாயைச் செலுத்திப் பார்த்தபோது, சுருங்கிய இடத்தில் உணவுத் துணுக்குகள் சேர்ந்து அடைத்துக்கொண்டிருந்தன. அதை எடுத்துவிட்டார். தாதி ஒரு கிளாஸ் தண்ணீர் கொடுத்தாள். வழக்கம் போல் திரும்பி வந்துவிடும் என்று பயந்து பிள்ளை ஒரு வாய் குடித்தது. அது மெல்ல இறங்கிவிட்டது. இன்னொரு வாய் குடித்தது. அதுவும் இறங்கிவிட்டது. உடனே அந்தப் பிள்ளை, மிச்சத் தண்ணீரையும் குடிக்காமல், கிளாஸை ஒரு புறம் ஒதுக்கிவிட்டு, வைத்தியரின் கையைப் பிடித்து முத்தமிட்டது. தாகத்தோடு இருந்த பிள்ளை தண்ணீரை விட்டுவிட்டு முதலில் நன்றி செலுத்திற்று! வாழ்நாளில் தாம் பெற்ற சன்மானங்களில் இதற்கு ஈடாக அவர் எதையும் கருதவில்லை.

ஆனால் அந்த முத்தத்தோடு அவர் திருப்தி அடைந்துவிடவில்லை. ஒரு பிள்ளைக்கு வழி திறக்கும் நேரத்தில் வேறு பல வீடுகளில் வேறு பிள்ளைகள் அதே டப்பாவைத் திறந்துகொண்டிருப்பார்கள் என்பது அவருக்குத் தெரியும். டப்பாவின் மேல் விஷம் என்ற சொல்லும், விழுங்கிவிட்டால் உடனே செய்ய வேண்டிய முதல் உதவியும் அச்சிடப்பட வேண்டும் என்று பேச ஆரம்பித்தார். கூட்டத்துக்குப் போவதென்றாலே கூசும் சுபாவமுடைய அவர், இதற்காக மாநிலம் மாநிலமாகச் சட்டசபைகளின் கதவைத் தட்டினார். தம்மிடம் வந்த பிள்ளைகளின் படங்களையும் விவரங்களையும் எடுத்து வைத்தார். அமெரிக்க வைத்திய சங்கம் அவருக்குத் துணை நின்றது. பல வருஷ உழைப்புக்குப் பின், 1927-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 4-ஆம் தேதி, ஜனாதிபதி கூலிட்ஜ் அதற்கான சட்டத்தில் கையெழுத்திட்டார். காஸ்டிக் சோடா, கந்தகத் திராவகம், கார்பாலிக் திராவகம், அமோனியா உள்ளிட்ட 12 வகைப் பொருள்கள் வீட்டு உபயோகத்துக்கு விற்கப்படும்போது விஷம் என்ற எச்சரிக்கையும் சிகிச்சை விவரமும் இருக்க வேண்டும் என்று அச்சட்டம் விதித்தது. 1960-ல் இன்னும் பல பொருள்களையும் உள்ளடக்கிய புதிய சட்டம் அமெரிக்காவில் அதன் இடத்தைப் பிடித்தது.

இறுதிக் காலம்

பிலடெல்பியாவுக்கு வெளியே சுவெங்க்ஸ்வில் என்னும் சிற்றூரில் பழைய மாவு ஆலையோடு கூடிய ஓர் இடத்தை வாங்கி, அங்கே பட்டறையும் படிப்பும் சித்திரமுமாக அமைதியாக வாழ்ந்தார். 1938-ல் தமது சுயசரிதையை வெளியிட்டார். 1958-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 16-ஆம் தேதி, தமது 92-ஆம் வயதில், அந்த வீட்டிலேயே காலமானார். சிறு வயதில் குழியில் கிடந்து தப்பியவரும், மூன்று முறை காசநோயிலிருந்து மீண்டவருமான அவருக்கு இத்தனை நீண்ட ஆயுளைக் கொடுத்தது இறைவன் நாட்டம்.

நம் கடைகளுக்கு

சகோதரர்களே! மதீனா கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கைவிட்டுப் பார்த்து, அடியில் ஈரம் இருப்பதைக் கண்டு, நனைந்ததை எல்லாரும் காணும்படி மேலே வைக்காததற்காக நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வியாபாரியைக் கண்டித்த வரலாறு நமக்குத் தெரியும். நனைந்த தானியத்தால் வாங்குபவருக்குக் காசு நட்டம். எச்சரிக்கை எழுதாத விஷத்தால் பிள்ளையின் உயிரே நட்டம். இரண்டிலும் வாங்குபவருக்குத் தெரியாததும் விற்பவருக்குத் தெரிந்ததும் ஒன்றுதான். தெரிந்தவன் சொல்ல வேண்டும்.

என் குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் சிறு பையனாக அத்தாவின் கடையில் நின்ற காலத்தில், காஸ்டிக் சோடாவை மொத்தமாக வாங்கிச் சிறு பிளாஸ்டிக் பைகளில் கட்டி வைப்பது என் வேலை. பையில் ஓர் எழுத்தும் இராது. சீனிப் பை இருக்கும் தட்டுக்கு அடுத்த தட்டிலேயே அதையும் அடுக்குவேன். ஒரு நாள் ஓர் அம்மாள் சீனியென்று நினைத்து அதில் ஒன்றை எடுத்துச் சாமான்களோடு வைத்துவிட்டார். கல்லாவில் இருந்த அத்தா கண்டு தடுத்துவிட்டார்கள். அன்று கடையில் கூட்டம் அதிகமாக இருந்து, அத்தாவின் கண்ணில் படாமல் போயிருந்தால்? நினைத்தால் இப்போதும் கை குளிர்ந்துவிடுகிறது. அதன் பிறகு எங்கள் கடையில் அதைப் பிரித்துக் கட்டி விற்பதில்லை.

ஆகையால் சில காரியங்களை நாம் ஒவ்வொருவரும் செய்யலாம். சாக்கடை திறக்கும் மருந்து, திராவகம், மண்ணெண்ணெய் முதலியவற்றைத் தின்பண்டத்தோடு ஒரே தட்டில் வைக்கக் கூடாது. அவற்றைக் குளிர்பானப் போத்தலில் ஊற்றி விற்கவே கூடாது. வாடிக்கைக்காரர் காலிப் போத்தல் கொண்டுவந்து கேட்டாலும் மறுத்துவிட வேண்டும். ஐந்து வெள்ளி வியாபாரம் போனால் போகட்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர் வாங்கும்போது வாயால் சொல்லிக் கொடுக்க வேண்டும். பிள்ளை விழுங்கிவிட்டதென்று யாராவது ஓடி வந்தால், வாந்தி எடுக்க வைக்காமல், அந்தப் போத்தலையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்ல வேண்டும். வாந்தி எடுத்தால் வெந்த குழல் மறுபடியும் வேகும்.

ஜாக்சன் காலத்தில் இல்லாத ஒரு பொருளும் இன்று நம் கல்லாவுக்குப் பக்கத்திலேயே தொங்குகிறது. கைக்கடிகாரத்திலும் விளையாட்டுச் சாமானிலும் போடும் பித்தான் போன்ற சிறு பேட்டரிதான் அது. பிள்ளை அதை விழுங்கி உணவுக்குழலில் நின்றுவிட்டால், ஈரத்தில் மின்சாரம் ஓடி, அந்த இடத்திலேயே காஸ்டிக் சோடா போன்ற காரம் உண்டாகிறது. இரண்டு மணி நேரத்துக்குள் குழலை வேகவைத்துவிடும். பழைய டப்பா விஷமே புது வேஷத்தில் வந்திருக்கிறது. அதைப் பிள்ளைகள் கைக்கு எட்டாத உயரத்தில் மாட்டுங்கள். வாங்குபவரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தால்கூட நாளைக்குப் பார்ப்போம் என்று இருக்க வேண்டாம்.

தாம் விற்காத ஒரு டப்பாவுக்காக ஒரு வைத்தியர் இத்தனை வருஷம் அலைந்தார். நம் கையால் எடுத்துக் கொடுக்கும் சரக்குக்காக நாம் ஒரு துண்டுக் காகிதமாவது எழுதி ஒட்டக் கூடாதா? அல்லாஹ் நம் சம்பாத்தியத்தை ஹலாலாக்கி, நம் கடையிலிருந்து போகும் எந்தப் பொருளாலும் எந்தப் பிள்ளைக்கும் தீங்கு நேராமல் காத்தருள்வானாக. ஆமீன்.